சாகாத கிழவன்

பேய்ப்படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் எதைக் கண்டு பயந்தீர்கள் என்று கேட்டுப்பார்க்க வேண்டும். வெள்ளைச் சேலை, அவிழ்ந்த கூந்தல், கொலுசுச் சத்தம் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எங்க பக்கம், பாலவனத்தத்தைச் சுற்றியிருக்கிற காலனிகளில் கேட்டால் பதில் வேறு. ஸ்ரீதர் இயக்கி 1963-இல் வெளிவந்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’யைப் பற்றி எங்க தெருப் பொம்பளைகளிடம் பேச்செடுத்துப் பாருங்கள். ராத்திரியில் அழுகிற அந்தப் பெண்குரலைப் பற்றி ஒருத்தியும் பயந்து சொல்ல மாட்டாள். “அது பாவம், செத்துப்போன பிள்ள” என்பதோடு முடித்துக்கொள்வார்கள். பிறகுதான் குரல் தணியும். “அந்தக் கெழவன் இருக்கான் பாரு...” என்று ஆரம்பிப்பார்கள். எம்.என். நம்பியார் வேடம் கட்டிய, நூறு வயதைத் தாண்டியும் சாகாமல் கிடக்கிற ஜமீன்தார்க் கிழவன்.

அறுபது வருஷத்துக்கு மேலாகியும் இந்தப் படம் ஏன் நிற்கிறது என்று எழுதுகிறவர்கள் ஏ. வின்சென்ட்டின் கேமராவைச் சொல்வார்கள். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையைச் சொல்வார்கள். பி.பி. ஸ்ரீனிவாஸும் பி. சுசீலாவும் பாடிய கண்ணதாசன் பாட்டைச் சொல்வார்கள். எல்லாம் சரிதான், மறுக்கவில்லை. கறுப்பு வெள்ளையில் வின்சென்ட் அந்தப் பங்களாவுக்குள் இறக்கியிருக்கிற இருட்டை இன்றைக்குக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டும் இறக்க முடியவில்லை. ஆனால் வெளிச்சமும் பாட்டும் மட்டும்தான் காரணமென்றால் அந்தக் காலத்தில் நல்ல வெளிச்சத்தோடும் நல்ல பாட்டோடும் எத்தனையோ படங்கள் வந்து போய்விட்டன. எங்க சனம் அதையெல்லாம் மறந்துவிட்டது. இதை மட்டும் மறக்காததற்குக் காரணம், இது ஒரு சாதிக்கொலையின் கதை. முன்ஜென்மம், பங்களா, அழுகை என்று எத்தனை துணியைப் போட்டு மூடினாலும் கீழே கிடப்பது யாருடைய பிணம் என்று எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனந்த் என்கிற படித்த இளைஞன் (கல்யாண்குமார்) நண்பனின் ஊருக்கு வருகிறான். ராத்திரியில் ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்கிறது. சத்தத்தின் பின்னால் போனால் பாழடைந்த பங்களா. உள்ளே நுழைந்ததும் அவனுக்குப் பழைய பிறவி ஞாபகம் வந்துவிடுகிறது. அந்தப் பிறவியில் அவன் ஜமீன்தாரின் மகன். ஜமீனுக்குக் கீழே பிழைக்கிற ஏழை வீட்டுப் பெண் கண்ணம்மாவை (தேவிகா) விரும்பியிருக்கிறான். அப்பன் பொறுக்கவில்லை, துப்பாக்கியை எடுத்துவிட்டான். இந்தப் பிறவியில் இரண்டு பேரும் மறுபடி பிறந்திருக்கிறார்கள். ஆனால் கிழவன் மறுபிறவி எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லை, அவன் சாகவே இல்லையே! கொன்றவர்கள் மறுபடி வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மறுபடியும் கொல்லக் கிளம்புகிறான். கடைசியில் புதைமணலில் மாட்டி மண்ணுக்குள் போகிறான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், 1958-இல், பிமல் ராய் இந்தியில் எடுத்த ‘மதுமதி’யிலும் மறுபிறவிதான். அங்கேயும் ஒரு எஸ்டேட் முதலாளி, ஒரு மலைக்காட்டுப் பெண், ஒரு சாவு. கதை எழுதியவர் ரித்விக் கட்டக். அந்த ஓட்டத்தில் தமிழுக்கு வந்த படம் என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் கொலைகாரனை நூறு வயசுக்கு மேல் உயிரோடு உட்கார வைத்ததுதான் இந்தத் தமிழ்ப் படத்தின் விசேஷம். அதில்தான் பயமே இருக்கிறது.

பயமுறுத்துவது பேய் இல்லை, ஞாபகம் என்று காட்டிய படம் என்று அறிவுஜீவிகள் இதைப் பாராட்டுவதுண்டு. மனோதத்துவம் என்பார்கள். ஒருவன் ஒரு வீட்டுக்குள் கால் வைக்கிறான். அந்த வீட்டில் நடந்த கொலை அவன் மண்டைக்குள் திறக்கிறது. சரி. யாருடைய மண்டைக்குள்? ஜமீன்தார் மகனாக இருந்தவனின் மண்டைக்குள். செத்தவள் கண்ணம்மா, ஞாபகம் வைத்துக்கொண்டு உருகுகிற பாக்கியம் அவனுக்கு. அவளுக்குக் கொடுத்ததெல்லாம் அழுகை. தமிழ் சினிமாவில் நம்ம பிள்ளைகளுக்குக் கிடைத்த பங்கு அவ்வளவுதான்.

எங்க அப்பத்தா இந்தப் படத்தை எங்க பக்கம் வந்த டெண்டுக் கொட்டகையில் பார்த்தது. பருத்தி எடுத்துவிட்டு வந்து, கஞ்சியைக் குடித்துவிட்டு, ஏழெட்டுப் பொம்பளைகளாகச் சேர்ந்து நடந்தே போவார்களாம். தரை டிக்கெட். அதிலேயும் எங்க தெரு ஆட்கள் ஓரமாகத்தான் உட்கார வேண்டும். மணலைக் குமித்து மேடாக்கி உட்கார்ந்தால் பின்னால் இருக்கிற ஊர்க்காரர்கள் மறைக்கிறது என்று அதட்டுவார்களாம். திரும்பி வரும்போது கம்மாய்க்கரை வழியாக வர எல்லோருக்கும் பயம். “பேய்க்காகவா அப்பத்தா பயந்த?” என்று கேட்டேன். “போடி கூறுகெட்டவளே. பேய் நம்மள என்ன செய்யும்? அது நம்ம பிள்ள. அந்தக் கெழவன மாதிரி எவனாச்சும் கரையில உக்காந்திருந்தா என்ன செய்யன்னுதான் பயம்” என்றது.

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தப் படத்தைப் பற்றி அதைவிடச் சரியாக ஒரு விமர்சகரும் எழுதி நான் படித்ததில்லை.

வருஷக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மதராஸ் மாகாணத்தில் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்தது. ஜமீன் போய் ரயத்துவாரி வந்தது. படம் வந்தது 1963-இல். சட்டப்படி ஜமீன் செத்துப் பதினைந்து வருஷம். ஆகவே சினிமாக்காரர்களுக்கு ஜமீன் ஒரு பாழடைந்த பங்களாவாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. வௌவாலும் ஒட்டடையுமாக, பார்க்க அழகாக, பயமாக, பழங்கதையாக. ஆனால் நிலம் யார் கைக்குப் போனது? கரிசல் காட்டில் நாற்பது நாள் களை எடுத்தவள் கைக்கு வந்ததா? வரவில்லை. ஜமீனுக்கு அடுத்த படியில் இருந்தவர்கள் கைக்குப் போனது. எங்களுக்கு ஆண்டையின் பெயர்தான் மாறியது. சட்டத்தில் செத்துப்போன கிழவன் திண்ணையில் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். ஸ்ரீதர் இதை நினைத்து எடுத்தாரா என்று என்னிடம் கேட்காதீர்கள். எங்க அப்பத்தா இதை நினைத்துத்தான் பார்த்தது.

எங்க ஊரும் ஜமீன் ஊர்தான். தமிழ் எம்.ஏ. படித்த யாருக்கும் பாலவனத்தம் என்ற பெயர் தெரியும். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அடுத்த வருஷம் அந்தச் சங்கத்திலிருந்து ‘செந்தமிழ்’ இதழ் வந்தது. வகுப்பில் இந்தப் பாடம் நடந்தபோது ஆசிரியர் என்னைப் பார்த்து, “உங்க ஊரும்மா, பெருமைப்படணும்” என்றார். தமிழுக்குச் செய்ததைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பாடத்தில் ஜமீன் என்றால் புலவர், ஏடு, பொற்கிழி. எங்க வீட்டில் ஜமீன் காலம் என்றால் வேறு சொற்கள். வெட்டி, வாரம், மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தல். இந்தச் சொற்களுக்கு எந்தச் சங்கத்திலும் அகராதி போடவில்லை.

இன்னொரு வருஷமும் இருக்கிறது. 1957 செப்டம்பர் 11-இல் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து முதுகுளத்தூர்ப் பக்கம் கலவரம், தீவைப்பு, போலீஸ் துப்பாக்கிச்சூடு. விருதுநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985-இல்தான். அதுவரை நாங்களும் அதே ராமநாதபுரம் மாவட்டம். ஆறு வருஷம் கழித்து ஒரு படம் வருகிறது. ஆண்டை வீட்டு ரத்தத்தோடு கலக்கப் பார்த்ததற்காக ஒரு சிறுசு சுடப்படுகிறாள். திரையில் அது போன ஜென்மம். ஓரமாகத் தரையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது போன ஜென்மம் இல்லை.

பேய் என்றால் இலக்கியத்தில் என்ன என்று கேட்டால் கலிங்கத்துப்பரணியை எடுத்து வைப்பார்கள். போர்க்களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சிக் குடிக்கிற பகுதி. அதில் கூழ் ஊற்றும்போது பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று பிரித்துப் பிரித்து வருகிறது. செத்துப் பேயான பிறகும் சாதி போகவில்லை, மதம் போகவில்லை! சயங்கொண்டார் கிண்டலாகத்தான் எழுதினார், இருக்கட்டும். எனக்கு அதைவிட முக்கியம் பழையனூர் நீலி. புருஷன் கையால் செத்தவள், பேயாக வந்து, கள்ளிக்கட்டையைப் பிள்ளையாக இடுப்பில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்கிறாள். ஊர் வேளாளர் எழுபது பேர் கூடிப் பஞ்சாயத்துப் பேசுகிறார்கள். இவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து அவனை அவளிடம் விடுகிறார்கள். அவள் பழி தீர்க்கிறாள். வாக்குத் தவறியது என்று எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். புலவர்கள் யாரைப் பாடினார்கள்? வாக்குக் காத்த வேளாளரை. கொல்லப்பட்டவளுக்கு என்ன பட்டம்? நீலி. இன்றைக்கும் பொய்யாக அழுதால் நீலிக்கண்ணீர் என்கிறோம். கொலையுண்டவளின் கண்ணீர் தமிழில் பொய்க்கண்ணீருக்குப் பெயரானது. ‘நெஞ்சம் மறப்பதில்லை’யின் வேர் இந்தியில் மட்டும் இல்லை, இங்கேயும் இருக்கிறது.

எங்க பக்கத்துக் கோடாங்கியைப் பற்றிச் சொல்லாமல் இது முழுமையாகாது. பேய் பிடித்தவளைக் கோடாங்கியிடம் கூட்டிப்போவார்கள். முற்போக்குப் பேசுகிற தோழர்கள் இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்கள். நானும் மேடையில் அப்படிப் பேசுகிறவள்தான். அதில் மாற்றம் இல்லை. ஆனால் உடுக்கையை அடித்துக்கொண்டு கோடாங்கி கேட்கிற கேள்விகளைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? நீ யாரு? எந்த ஊரு? யாரு வீட்டுப் பொண்ணு? எப்பிடிச் செத்த? எந்த எடத்துல இவளப் பிடிச்ச? ஒனக்கு என்ன வேணும்? காவல் நிலையத்தில் எழுத்தர் கேட்டு எழுத வேண்டிய கேள்விகள் இவை. அங்கே கேட்க ஆள் இல்லாததால் உடுக்கைக்காரன் கேட்கிறான். செத்த பெண்ணின் வாக்குமூலத்தைச் சபையில் வைத்து வாங்குகிற ஒரே இடம் எங்க நாட்டில் அதுதான்.

நான் ஏழாவது படிக்கும்போது நடந்தது. எங்க தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த ஒரு பெண்ணுக்கு ஆடி மாசத்தில் பேய் பிடித்துவிட்டது. விறகு பொறுக்கப் போன இடத்தில் பிடித்தது என்றார்கள். சீமைக்கருவேல முள்ளுக்காடு, அதற்குள்ளே ஒரு பாழுங்கிணறு. சில வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊர்க் காலனிப் பிள்ளை ஒருத்தி அதில் பிணமாகக் கிடந்தாள். மேலத்தெருப் பையனோடு பேச்சு என்று ஒரு புரளி இருந்தது. தண்ணி எடுக்கப் போயி தவறி விழுந்துட்டா என்று முடித்து எரித்துவிட்டார்கள். அந்தக் கிணற்றில் தண்ணி வற்றிப் பல காலம். இதை ஒருத்தரும் அன்றைக்குக் கேட்கவில்லை.

கோடாங்கி வந்து உட்கார்ந்தார். தெருவே கூடியிருந்தது. உடுக்கைச் சத்தம் ஏற ஏற அந்தப் பெண் தலையை விரித்துப்போட்டுச் சுற்றினாள். “யாரு நீ?” செத்தவளின் பெயரைச் சொன்னாள். “எப்பிடிச் செத்த? தவறி விழுந்தியா?” அவள் தரையில் அடித்துக்கொண்டு கத்தினாள். “நான் விழுகல. நான் விழுகல.” மூன்று தடவை, நான்கு தடவை. உடுக்கைச் சத்தம் நின்றுவிட்டது. எங்க ஐயா பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கோடாங்கி விவரமான ஆள். அடுத்த கேள்வியை, “அப்போ யாரு தள்ளுனா?” என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. “சரி தாயி, ஒனக்கு என்ன வேணும்?” என்று தாவிவிட்டார். கருப்புக்கோழி, சீலை, பூ. எல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள். உச்சி மயிரைப் பிடித்துக் கொண்டுபோய்ப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். பேய் இறங்கிவிட்டது. மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போனார்கள். செத்த பிள்ளையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவள் அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறாள்.

ஆணி அடித்த புளியமரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவை கட்டிப்போட்ட வழக்குக் கட்டுகளாகத் தெரியும்.

இதே ஏற்பாட்டைச் சினிமா இன்னும் நாசூக்காகச் செய்தது. மலையாளத்தில் ஃபாசில் 1993-இல் எடுத்த ‘மணிச்சித்திரத்தாழ்’, தமிழில் பி. வாசு 2005-இல் எடுத்த ‘சந்திரமுகி’. முன்னதில் நடித்ததற்கு ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்த மலையாளப் படத்தை 2024-இல் புதுப்பித்து மறுபடி தியேட்டரில் போட்டபோதும் கூட்டம் போனது. இரண்டு படத்திலும் பங்களாவின் சொந்தக்காரன் வேறு ஊரிலிருந்து ஒரு ஆட்டக்காரியைக் கொண்டுவந்து அடைத்துவைத்து, அவள் வேறொருவனை விரும்பியதால் கொன்றிருக்கிறான். மலையாளத்தில் அவள் தஞ்சாவூர்க்காரி நாகவல்லி. தமிழில் அவளைத் தெலுங்கு பேச வைத்தார்கள். நம்ம ஊர் அரண்மனையில் செத்தவள் எப்போதும் வேற்று ஊர்க்காரியாகத்தான் இருந்தாக வேண்டும் போலிருக்கிறது! பிறகு கங்கா என்கிற படித்த மருமகளுக்கு அந்த ஆட்டக்காரி தானே என்கிற எண்ணம் வந்துவிடுகிறது. பேய் இல்லை, மனநோய் என்று டாக்டர் வந்து சொல்கிறார். கோடாங்கி இடத்தில் டாக்டர். நல்ல மாற்றம்தான், கைதட்டலாம். வைத்தியம் என்ன? பழிவாங்கத் துடிக்கிறவளுக்கு முன்னால் ராஜாவின் ஆளைக் காட்டி, பலகையைத் திருப்பி, அந்த இடத்தில் ஒரு பொம்மையை வைத்துவிடுகிறார்கள். அவள் ‘சந்திரமுகி’யில் பொம்மையை எரிக்கிறாள். திருப்தியாகிக் குணமாகிவிடுகிறாள்.

பொம்மை! அந்த இடத்தில் என் தம்பி தியேட்டரில் விசிலடித்தான். எனக்குக் கோழியும் சீலையும்தான் ஞாபகத்துக்கு வந்தன. கொலைக்கு ஈடாகக் கோழி. கொலைகாரனுக்குப் பதிலாகப் பொம்மை. கேட்டவள் வாய் அடைபட்டால் போதும், வீடு நிம்மதியாகிவிடும். சிகிச்சை நோயாளிக்கா அரண்மனைக்கா என்று ஒரு டாக்டராவது கேட்டிருக்கலாம்.

அந்த வகையில் 1963 படம் நேர்மையானது என்று நான் வாதாடுவேன். அது கொலைகாரனைப் பொம்மையாக்கவில்லை. மூச்சு வாங்குகிற, கண் சிமிட்டுகிற ஆளாக உட்கார வைத்தது. நம்பியார் அந்தக் கிழவனை வில்லன் மாதிரி உறுமாமல், கண்ணாலேயே செய்திருப்பார். தான் செய்தது தப்பு என்கிற சந்தேகமே இல்லாத கண்கள். குடும்ப மானத்தைக் காப்பாற்றிய கடமை வீரனின் கண்கள். எங்க ஊர்ப்பக்கம் கட்டப்பஞ்சாயத்துத் திண்ணைகளில் அந்தக் கண்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரு இடத்தில் அந்தப் படமும் தப்பித்துக்கொண்டது. பையன் ஆண்டை வீடு, பெண் குடிசை. தமிழ் சினிமா வெகுகாலம் இந்த ஒரு வழியைத்தான் திறந்து வைத்திருந்தது. ஜமீன்தார் மகன் இறங்கி வருவான், ஏழைப்பெண் உருகுவாள், நடுவில் ‘அந்தஸ்து’ என்ற ஒரு சொல் வந்து நிற்கும். சாதி என்று வாய் திறந்து சொல்லத் தேவையில்லை. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பெண் மேலத்தெரு, பையன் காலனி. அப்போது அந்தஸ்து என்று சொல்லிச் சமாளிக்க முடியாது, அரிவாள்தான் பேசும். 2003 ஜூலையில் விருத்தாசலம் பக்கம் கண்ணகியும் முருகேசனும் இப்படித்தான் செத்தார்கள். அவர் தலித், பொறியியல் படித்தவர். அவர் வன்னியர் பெண். பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். பிடித்து வந்து, ஊரார் பார்க்க விஷத்தைக் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், கடலூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது 2021 செப்டம்பரில். தண்டிக்கப்பட்டவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2025 ஏப்ரலில். கொலைக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவே இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்து மூன்று மாசத்தில், 2025 ஜூலையில், பாளையங்கோட்டையில் கவின் வெட்டிக் கொல்லப்பட்டார். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்த தலித் இளைஞர். மாற்றுச்சாதிப் பெண்ணோடு பழகியதுதான் காரணம். இதற்கெல்லாம் மறுபிறவி எடுத்து வந்து பாட்டுப் பாட யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

கிழவன் சாகவில்லை என்று நான் சொல்வதற்குச் சினிமாவிலேயே சாட்சி இருக்கிறது. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’, 2018. அதிலும் ஒரு கிழவர் வருகிறார். பங்களா இல்லை, துப்பாக்கி இல்லை; சாதாரணமாக வேலைக்குப் போய்வருகிற ஆள். சாதி கௌரவத்துக்காகச் சத்தமில்லாமல் கொல்கிறார், பார்க்கிறவர்களுக்கு அது விபத்து. அந்தப் படத்தைப் பேய்ப்படம் என்று யாரும் சொல்லவில்லை. எங்க தெருவில் பார்த்தவர்கள் சொன்னார்கள். “நம்பியார் செத்து இவனாப் பொறந்திருக்கான்” என்று ஒரு அத்தை சொன்னது. இல்லை அத்தை, சாகவே இல்லை என்றேன்.

அப்புறம் 2021-இல் செல்வராகவன் அதே ‘நெஞ்சம் மறப்பதில்லை’ என்ற பெயரில் இன்னொரு பேய்ப்படம் கொண்டுவந்தார். கதை வேறு. ஒரு பணக்கார வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த ஆதரவற்ற கிறிஸ்தவப் பெண் மரியம். அவளை அந்த வீட்டு முதலாளி சீரழித்துக் கொல்கிறான். அவள் பேயாக வருகிறாள். ஐம்பத்தெட்டு வருஷம் கழித்தும் அந்தத் தலைப்பின் கீழே செத்துக் கிடப்பது வேலைக்காரப் பெண்தான். தலைப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் பாட்டுக்காக எடுத்திருக்கலாம். பிணம் தானாக வந்து சேர்ந்துகொள்கிறது.

போன வருஷம் எங்க படிப்பகத்தில் பழைய ‘நெஞ்சம் மறப்பதில்லை’யைச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் போட்டோம். இருபது பேர் போல வந்திருந்தார்கள். பாதிப்பேர் அருப்புக்கோட்டை மில்லுக்கு வேன் ஏறிப் போகிற பிள்ளைகள், இரண்டு பேர் நர்சிங் படிக்கிறவர்கள், நாலைந்து பெரியவர்கள். நிதானமாக நகருகிற படம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனை நோண்டும் என்று நினைத்திருந்தேன். இல்லை. கிழவன் வந்த பிறகு ஒரு போனிலும் வெளிச்சம் தெரியவில்லை.

முடிவில் புதைமணல் கிழவனை இழுக்கிறது. பெரியவர்கள் “போ, போ, ஒழி” என்று சத்தம் போட்டார்கள். அப்பத்தாவும் அந்தக் காலத்தில் அந்த இடத்தில்தான் கைதட்டியிருக்கும். விளக்கைப் போட்டதும் மில்லுக்குப் போகிற பிள்ளை ஒன்று எழுந்து நின்றது. பதினெட்டு, பத்தொன்பது வயசு இருக்கும். “அக்கா, நம்ம ஊரு கரிசலாச்சே. மழ பேஞ்சா கால்ல ஒட்டும், வெயிலடிச்சா வெடிக்கும். இங்க புதமணல் ஏதுக்கா? அவன் எப்பிடிச் சாவான்?”

எல்லோரும் சிரித்தார்கள். அது சிரிக்கவில்லை. “நெசமாத்தான் கேக்குறேன். படத்துல மண்ணு அவனத் தண்டிச்சிருச்சு. போலீசு இல்ல, கோர்ட்டு இல்ல. மண்ணு தண்டிக்கலேன்னா?”

பெரியவர்களில் ஒருத்தர் சாமி பார்த்துக்கொள்ளும் என்றார். நர்சிங் படிக்கிற பிள்ளை போஸ்ட்மார்ட்டம் பற்றிப் பேசியது. தண்ணியில் மூழ்கிச் செத்தவளுக்கும் செத்த பிறகு தண்ணியில் போடப்பட்டவளுக்கும் நுரையீரலில் வித்தியாசம் பார்ப்பார்கள் என்றது. அப்படியென்றால் போஸ்ட்மார்ட்டம் பண்ணாமல் எரித்துவிட்டால் என்று இன்னொன்று கேட்டது. பிறகு ஒருத்தி, தன் அம்மா ஊரில் ஒரு கிணறு இருக்கிறது என்று ஆரம்பித்தாள். அவள் முடிக்கும் முன்னால் இன்னொருத்தி திருச்சுழிப் பக்கம் ஒரு கிணற்றைச் சொன்னாள். அங்கேயும் தவறி விழுந்ததுதான், அங்கேயும் ஆடி மாசம் பேய்தான், அங்கேயும் புளியமரம்தான்.

ராத்திரி பதினோரு மணிவரை ஒருத்தரும் எழுந்து போகவில்லை. படிப்பகத்து வரவு செலவு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி நான் எழுத ஆரம்பித்தேன். ஊர் பெயர், ஏறத்தாழ எந்த வருஷம், கிணற்றில் அப்போது தண்ணி இருந்ததா, என்ன சொல்லி எரித்தார்கள், யாரைப் பேய் பிடித்தது, கோடாங்கியிடம் அது என்ன சொன்னது. அன்றைக்கு ஐந்து கிணறு. இப்போது ஒன்பது ஆகியிருக்கிறது. ஒரு வக்கீல் தோழரிடம் காட்டினேன். பேய் சொன்னதைக் கோர்ட்டில் வைக்க முடியாது, ஆனால் தண்ணி இல்லாத கிணற்றில் தண்ணி எடுக்கப் போனாள் என்று எழுதிய கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை எங்கேயாவது கிடைத்தால் கொண்டுவாருங்கள் என்றார். தேடிக்கொண்டிருக்கிறோம்.